செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, எடை கூடிய நாய்களையும் பூனைகளையும் உரிய எடைக்குக் கொண்டுவருவதே இந்த ஆண்டின் முதன்மைப் பணியாக இருந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். தடுப்பூசி நினைவூட்டல் வழக்கம்போல நடந்தது. ஆகவே இவ்வறிக்கை எடைப் பணியை மட்டுமே பேசுகிறது.

மாதாந்திர எடை நாளில், தராசில் ஏற்றும் முன் விலாவைத் தொட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினோம். கையை மூடி முட்டியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்: விலா அப்படித் துருத்தினால் பிராணி மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையில் ஓட்டுங்கள்: அந்த அளவுக்குத் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கைப் பக்கம் விரல்களின் அடியைத் தடவுவதுபோல, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு ஏறிவிட்டது. அடர்ந்த ரோமமுள்ள பிராணிகளில் கண்ணை நம்பவே கூடாது. இதோடு, மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிகிறதா, பக்கவாட்டில் வயிறு உள்வாங்கி மேலேறியிருக்கிறதா என்பதையும் சேர்த்து 1 முதல் 9 வரை உடல்நிலை மதிப்பெண் இடுகிறோம். நாய்க்கு 4 அல்லது 5, பூனைக்கு 5 உரியது. 5-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 10 சதவீதக் கூடுதல் எடை.

இங்கேதான் பலரும் கணக்கில் தவறினார்கள். 13 கிலோ நாய்க்கு மதிப்பெண் 8 என்றால் 30 சதவீதம் கூடுதல். 13-இல் 30 சதவீதத்தைக் கழித்தால் 9.1 வரும், அது பிழை. 13-ஐ 1.3-ஆல் வகுக்க வேண்டும். இலக்கு 10 கிலோ.

தீனியின் அளவும் இலக்கு எடையிலிருந்தே வர வேண்டும், இப்போதைய எடையிலிருந்து அல்ல. சாதாரணக் கால்குலேட்டர் போதும். இலக்கு எடையை மூன்று முறை எழுதிப் பெருக்கி, வர்க்கமூலத்தை இருமுறை அழுத்தி, 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோவுக்கு 1000, பிறகு 31.6, பிறகு 5.62, முடிவில் நாளுக்கு 394 கிலோகலோரி. நாய்க்கு இதுவே தொடக்க அளவு. பூனைக்கு வந்த விடையை 0.8-ஆல் பெருக்க வேண்டும்: 4 கிலோ இலக்குக்குச் சுமார் 158. இதில் பத்தில் ஒரு பங்கைப் பரிசுத் தீனிக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத் தீனிப் பொட்டலத்தில் அச்சிட்ட கலோரியோடு பொருத்துங்கள். 100 கிராமுக்கு 350 கிலோகலோரி உள்ள உலர் தீனி என்றால் அந்த நாய்க்கு நாள் முழுவதற்கும் சுமார் 100 கிராம், பூனைக்கு 40 கிராம். முதல் முறை பார்ப்பவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அளவுக் கோப்பையை இந்த ஆண்டோடு கைவிட்டோம். ஒரே கோப்பையில் மூவர் அள்ளினால் மூன்று எடை வருகிறது. ஒருவர் தட்டி நிரப்புகிறார், இன்னொருவர் கூம்பாகக் குவிக்கிறார். 40 கிராம் சாப்பிடும் பூனைக்கு 10 கிராம் மிகுந்தாலே கால் பங்கு கூடிவிட்டது. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றே வழி.

எடை குறையாத வீடுகளில் நாங்கள் அதிகம் கண்ட காரணம் ஒன்றுதான்: தீனி போடும் கைகள் பல. காலையில் ஒருவர், அவர் போட்டது தெரியாமல் இன்னொருவர், மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் பாலாடைக்கட்டி, மெல்லும் குச்சி, மற்றப் பிராணியின் கிண்ணத்தில் மிஞ்சியது. பாசத்தில் கொடுப்பதை எவராலும் நிறுத்தச் சொல்ல முடியாது. அதன் அளவைத்தான் கட்டுப்படுத்த முடியும். ஆகவே டப்பா முறையைக் கொண்டுவந்தோம். அன்றைய பங்கைக் காலையில் நிறுத்து மூடியுள்ள ஒரே டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் கொடுத்தாலும், பரிசாகக் கொடுத்தாலும், அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய தீனி முடிந்தது. நாங்கள் முயன்றவற்றில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

நாய் வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறையலாம். 13 கிலோ நாய்க்கு 130 முதல் 260 கிராம். பூனைக்கு அரை முதல் 1 சதவீதம் போதும். 5 கிலோ பூனைக்கு அது வாரம் 25 முதல் 50 கிராம்தான் என்பதால், பிராணியைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறி நின்று கழித்துப் பார்க்கும் முறை பூனைக்கு உதவாது. குழந்தை எடை பார்க்கும் தராசு தேவை. இரண்டு எடை நாட்கள் தொடர்ந்து மாற்றமில்லை என்றால், முதலில் டப்பாவுக்கு வெளியே ஏதும் போகிறதா என்று பார்த்து, பிறகு 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம். சாதாரணத் தீனியை வெட்டிக்கொண்டே போகக் கூடாது. கலோரியோடு புரதமும் தாதுக்களும் குறைந்து தசை கரையும். எடைக் குறைப்புக்கென்றே உள்ள தீனியில் கலோரிக்கு ஈடாகப் புரதம் கூடுதல். நார்ச்சத்தும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

பூனை வைத்திருப்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். குண்டுப் பூனையைப் பட்டினி போடுவது ஆபத்து. சில நாட்கள் சாப்பிடாவிட்டாலே உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். புதுத் தீனியைப் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இன்சுலின் போடும் பூனைக்கு எடை இறங்க இறங்க மருந்தின் தேவையும் இறங்கும். அளவை மருத்துவர் மாற்றாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழும்.

நாய்களில் தைராய்டு குறைபாடும், உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகும் குஷிங் நோயும் எடையைக் கூட்டும். ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டும். ஆகவே மருத்துவர் பார்த்த பிறகே பிராணியின் பெயரை எடைக் குறைப்புப் பட்டியலில் பதிவு செய்தோம். கருத்தடை அறுவைக்குப் பின் ஆற்றல் தேவை குறைவதால், அறுவை முடிந்ததுமே தீனியையும் குறைத்துத் திட்டமிட வேண்டும்.

நடை துணைதான், தீனியைக் கட்டுப்படுத்தாமல் நடையால் மட்டும் எடை இறங்குவது அரிது. மூட்டு ஏற்கெனவே சுமை தாங்குவதால் பத்து நிமிட மெது நடையாக நாளுக்கு இருமுறை தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டலாம். பந்து எறிந்து துரத்த விடுவது வேண்டாம். தட்டை மூக்கு இனங்களை வெயிலில் நடத்தவே கூடாது.

தயங்கிய உறுப்பினர்களிடம் 2002-இல் வெளியான லாப்ரடார் ஆய்வை எடுத்துச் சொன்னோம். 48 நாய்களை இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்தார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2.

எங்கள் குறையையும் பதிவு செய்கிறேன். இலக்கை எட்டியவுடன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். அவற்றில் சில திரும்பவும் ஏறின. குறைந்த உடலுக்குப் பழைய அளவு ஒருபோதும் பொருந்தாது. எடைக் குறைப்பின்போது கொடுத்த தீனியை 10 சதவீதம் அளவுக்குக் கூட்டி எடை நிற்கிறதா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். எனவே இலக்கை எட்டிய பின்னும் ஓராண்டு மாதந்தோறும் எடை பார்ப்பதென்றும், 10 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வாங்குவதென்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

அடுத்த எடை நாளுக்கு வருவோர் டப்பாவையும், தீனிப் பொட்டலத்தில் கலோரி அச்சிட்ட பகுதியையும் கையோடு கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்