திடலும் காதும்

மன்னார்குடி

அன்புள்ள கயலுக்கு, அப்பா எழுதுவது.

கான்சாஸ் புல்வெளியில் கத்துகிற பூச்சி வெட்டுக்கிளியா என்று கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை மூன்று முறை போட்டுக் கேட்டேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. போன் பழுதாகிவிட்டது என்று கடைப் பையனிடம் கொடுத்தால், "நல்லாத்தானே கேக்குது தாத்தா, சீய்ய்னு காதைக் குடையுது" என்கிறான். வயதான காதுக்கு மெல்லிய கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும். சரி, படத்தையாவது பார்க்க முடிந்ததே.

அது வெட்டுக்கிளி இல்லை அம்மா, சில்வண்டு. முகத்தின் இரண்டு ஓரத்திலும் துருத்திய கண், முதுகில் கூரை போல மடிந்த கண்ணாடிச் சிறகு. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லையே என்று கேட்டிருந்தாய். புல்லிலேயே காலம் தள்ளுகிற சின்ன வகைகளும் உண்டு. உங்கள் கான்சாஸ் பெயரை ஒட்டியே சிகாடெட்டானா கான்சா என்று ஒன்று இருக்கிறது. கத்துவது ஆண் மட்டும்தான். சுவர்க்கோழி மாதிரி சிறகைத் தேய்க்காது. வயிற்றின் இரு பக்கமும் வரிவரியாக ஒரு சவ்வு. தகர டப்பா மூடியை அமுக்கி விட்டால் டிக் டிக் என்னுமே, அதே வேலைதான். உள்ளே வயிறு காலி, அதனால் குடம் மாதிரி முழங்கும்.

குஞ்சுகள் மண்ணுக்குள் இருந்து வேர்ச்சாறு குடித்து வளரும். வருஷக்கணக்கில் யாரும் கிளறாத மண் வேண்டும். நீ போன பிளின்ட் ஹில்ஸ் புல்வெளியில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக்கல்லும். ஏர் இறங்காததால் மாடு மேய விட்டுவிட்டார்கள், புல் பிழைத்தது.

நம் பக்கம் ஏர் இறங்காத இடம் ஏது? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் தாளடி. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் எந்தக் குஞ்சு பிழைக்கும்? மிச்சம் இருந்தது மேட்டுத் திடலும் தோப்பும்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த நம் திடலில், சித்திரை வெயிலில் அது போடுகிற சத்தத்துக்கு உன் அம்மா மத்தியானத் தூக்கம் கெட்டது என்று திட்டுவாள். 2018-ல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்ததும், பொக்லைன் விட்டுச் சமன் செய்து வயலாக்கினேன். அந்த வருஷம் அதுதான் சரி என்று பட்டது.

அதற்கப்புறம் மத்தியானம் அமைதியாகிவிட்டது. காது மங்குகிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேற்று அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் கேட்பதில்லையாம். அவளுக்கு ஊசி விழுந்தால் கேட்கும்.

சின்ன வயதில் சில்வண்டு உரித்துப் போட்ட தோலைப் பொறுக்கிப் பாவாடைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவாயே, முதுகில் கீறல் விழுந்த தவிட்டு நிறக் கூடு. அங்கே புல் தாளைப் பிடித்தபடி ஒன்று தொங்கும், தேடிப் பார். கிடைத்தால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, தைக்கு வரும்போது எடுத்து வா. நசுங்காமல் பார்த்துக்கொள்.

அப்பா