இரவுக் கடமையில் தமிழறிந்த ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக வைத்தியசாலைகளின் குறைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடம், கட்டில், மருந்துத் தட்டுப்பாடு, வைத்தியர் பற்றாக்குறை ஆகியவற்றையே எடுத்துரைக்கின்றனர். அவை யாவும் உண்மையே. ஆயினும், அதிகம் பணம் செலவழிக்காமலே தீர்க்கக்கூடிய வேறொரு குறை, இரவு வேளையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் தமிழ் நோயாளரை வருத்திக்கொண்டிருக்கிறது. அண்மையில் என் மாமியாரைக் கொண்டுசென்றபோது அதை நேரில் கண்டேன்.

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், எங்களுடன் வசிக்கும் அவர், நெடுங்காலமாகப் பிரஷர் மாத்திரை எடுப்பவர். அன்றிரவு பத்தரை மணியளவில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்தவர், அடுப்படியில் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலக்கையைத் தூக்க இயலவில்லை, பேச்சுக் குழறியது. அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே பாதைக்கு இறங்கி, பக்கத்து லயத்துப் பையனின் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம்.

வாசலில் நின்ற பாதுகாப்பு ஊழியர் நோயாளியுடன் ஒருவர் மட்டுமே, அதுவும் பெண் ஒருவர் மட்டுமே, உள்ளே போகலாம் என்றார். ஓரளவு சிங்களம் பேசத் தெரிந்த நான் வெளியே நிற்க, சிங்களத்தில் விலை கேட்பதற்கு மேல் அறியாத என் மனைவி உள்ளே சென்றாள். கடமையிலிருந்த தாதி எப்போதிருந்து சுகமில்லை என்று கேட்டிருக்கிறார். அன்று காலை முதல் அம்மாவுக்குத் தலையிடி இருந்ததையும், இரவில்தான் விழுந்ததையும் என் மனைவி தமிழும் சைகையுமாகச் சொல்லியிருக்கிறாள். அவற்றில் காலை என்பது மட்டும் எட்டியது, இரவு எட்டவில்லை. தாதி கடுமையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும், விபத்தில் அடிபட்ட இருவருடன் வைத்தியர் தனியாகப் போராடிக்கொண்டிருந்தார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

மாமியாருக்கு வந்தவை பாரிசவாதத்தின் (ஸ்ட்ரோக்) அறிகுறிகள். அது மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலும் வரலாம், குழாய் வெடிப்பதாலும் வரலாம். எது என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்தே அறிய வேண்டும். அடைப்பாயின், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். ஆகவேதான் தொடங்கிய நேரம் எது என்ற கேள்விக்கு இந்நோயில் அத்தனை முக்கியத்துவம். காலையிலிருந்து இந்நிலை என்று டிக்கட்டில், அதாவது வைத்தியசாலையின் நோயாளர் விபரத் தாளில், எழுதப்பட்ட நோயாளிக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே கைநழுவிவிட்டதாகவே எவரும் கருதுவர். எங்களுக்கும் அதுவே நடந்தது. சேலைன் ஏற்றப்பட்டது, கண்டிக்கு மாற்றுவதாகச் சொல்லப்பட்டது, அம்புலன்ஸ் புறப்பட்டபோது நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. இடையில் என்ன நடக்கிறது என்று நான் பலமுறை கேட்டும், பொறுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. ஆங்கிலத்திலிருந்த கடிதத்தைக் கண்டியில் ஒரு வைத்தியர் வாசித்து, தமிழில் எங்களிடம் விசாரித்தபோதுதான் நேரம் தவறாகப் பதியப்பட்டது தெரியவந்தது. அப்போது பொழுது விடியும் தறுவாயாகிவிட்டது.

மாமியார் உயிருடன் இருக்கிறார். வலக்கை இன்னும் வழங்கவில்லை. உரிய நேரத்தில் அனுப்பியிருந்தால் கை மீண்டிருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. அது அடைப்பா வெடிப்பா என்று உரிய நேரத்தில் பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அடுத்த ஆண்டின் 16 ஆவது திருத்தம் விரிவாக எழுதிவைத்தது. 2007 முதல் அரச சேவையில் சேர்வோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் பரீட்சையில் சித்தியடைந்த மொழி, நடுச்சாமத்தில் பதறிய ஒரு பெண்ணின் பேச்சைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருப்பதில்லை. பகலில் மருந்தகத்திலோ கிளினிக்கிலோ தமிழறிந்த எவராவது அகப்படுகிறார்; இரவில் அவரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

எனவே, தோட்ட மக்கள் பெருமளவில் நாடும் வைத்தியசாலைகளின் இரவுக் கடமைப் பட்டியலில் தாதியாகவோ சிற்றூழியராகவோ தமிழறிந்த ஒருவரேனும் இடம்பெற வேண்டும் என்று சுகாதார அமைச்சையும் மாகாண அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஆளில்லை என்பது பதிலானால், தொலைபேசியிலாவது மொழிபெயர்த்து உதவ ஒருவரை நியமிக்கலாம். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை மூன்று மொழிகளிலும் அழைப்புகளை ஏற்கும் நாட்டில் இது முடியாத காரியமன்று. அதுவரை, எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுக்கிறார், சீனி வருத்தம் உண்டா போன்ற கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளை அனுமதி மேசையில் வைக்கட்டும். நோயாளியின் விபரத்தைச் சொல்லக்கூடியவர் ஆணோ பெண்ணோ, அவரை ஐந்து நிமிடமாவது உள்ளே விடுமாறு வாசலில் நிற்பவருக்கு நாளைக்கே அறிவுறுத்தலாம். அதற்கு எந்த ஒதுக்கீடும் தேவையில்லை.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.