தடுப்பாட்டக்காரர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

கால்பந்தில் கோல் அடித்தவரின் படம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தவறாமல் வருகிறது, சரி. ஆனால் பதினைந்து வருடம் கிளப் கிளப்பாக மாறிப் பின்வரிசையில் ஆடி ஓய்வு பெறுகிற தடுப்பாட்டக்காரரைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கென்று 1956 முதல் கொடுக்கப்படும் பாலன் டி'ஓர் விருதை வாங்கிய தடுப்பாட்டக்காரர்களே பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ என்று மூன்று பேர்தான்! அப்படியிருக்க, பேர் தெரியாதவர்களின் கதி என்ன?

ஒவ்வொரு முறை கிளப் மாறும்போதும் தடுப்பாட்டக்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் எப்போது முன்னேறுவார், கோல்கீப்பர் எந்தக் குரலுக்கு வெளியே வருவார் என்பதெல்லாம் சேர்ந்து ஆடினால்தான் பிடிபடும். எதிரணி வீரரை ஆஃப்சைடில் (பந்து வரும் முன்பே தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கும் தவறில்) சிக்க வைக்க, பின்வரிசையின் நான்கு பேரும் ஒன்றாக முன்னே நகர வேண்டிய நேரத்தில், புதிதாக வந்தவர் அரை நொடி தாமதித்தால் எதிரணி வீரர் தனியாக ஓடிவிடுவார், பழி முழுக்க இவர் மேல்தான். முன்கள வீரர் நாலு வாய்ப்பை வீணடித்து ஐந்தாவதில் அடித்தால் கொண்டாடுகிறோம், இவருக்கு அந்தச் சலுகையே இல்லை.

பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுக் கட்டணம் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம். நல்ல விஷயம்தான், ஆனால் முப்பது வயது தாண்டி, முழங்கால் வலியோடு, ஒரு வருட ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் பயமாகவும் இருக்கும்.

வாரம் ஒருவரைப் பற்றியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்