பாதித் தூக்கத்தில் எழும் பொடியனும் ஆறிப்போகும் சாப்பாடும்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நமக்கு முழங்கால் போனால் பிழைப்பே போச்சு. நான் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் இப்போது அவளைவிட அவள் செருப்புகள்தான் அதிகம் தென்படுகின்றன.

சரி, உன்னிடம் வருகிற பொடியன் விஷயத்துக்கு வருகிறேன். மதியம் எல்லாரையும் படுக்க வைத்துவிட்டு நீ தட்டைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து எழுந்து நிற்கிறான், அவன் கூப்பாட்டில் மற்ற இரண்டும் எழுந்துவிடுகின்றன என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது, உன் தட்டை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

நாற்பது, ஐம்பது நிமிஷத்தில் எழுகிறான் என்றால் அது அடம் இல்லை. அந்த வயதில் தூக்கத்தின் ஒரு சுற்றே ஏறக்குறைய அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 90 நிமிஷம். சுற்று முடிகிற இடத்தில் தூக்கம் லேசாகிறது. நாம் புரண்டு படுத்துத் தொடர்ந்து தூங்கிவிடுகிறோம், காலையில் அது ஞாபகம்கூட இருப்பதில்லை. குழந்தை அந்த இடத்தில் கண்ணைத் திறக்கிறது. பகலில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் சுற்றிலேயே அசதி பாதி தீர்ந்துவிடுவதால் திரும்பத் தூங்க உடம்புக்கு அவ்வளவு அவசரம் இருக்காது. தோளில் போட்டு ஆட்டித் தூங்க வைத்த பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். தோளில் தூங்கியவன் பாயில் தனியாக விழித்தால் அழாமல் என்ன செய்வான்? தூங்கப்போகிற நேரத்தில், கண் சொக்கும்போதே பாயில் கிடத்திப் பழக்கு. முதல் சில நாட்கள் சிணுங்குவான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திரு, போதும்.

அவன் எழுந்ததும் நீ முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை இல்லை, அவன் முகத்தை. கண் தெளிவாக இருந்து, தானாகப் பேசிக்கொண்டு, காலை உதறி விளையாடினால் அவன் தூக்கம் முடிந்துவிட்டது. அவனைத் திரும்பப் படுக்க வைக்க நீ போராடுகிற அரை மணி நேரம் உன் சாப்பாட்டு நேரத்திலிருந்துதான் கழியும். கண்ணைக் கசக்கி, எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டு அழுதால் இன்னும் தூக்கம் பாக்கி. அப்போது இருட்டிலேயே, பேச்சுக் கொடுக்காமல், தூக்காமல் பத்து நிமிஷம் தட்டிப் பார். பல நாள் திரும்பத் தூங்கிவிடுவான். சத்தம் கேட்டதுமே ஓடாதே என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தூக்கத்திலேயே முனகுகிற பிள்ளைகள் உண்டு, நாம் போய் எட்டிப் பார்த்துத்தான் அதுகளை எழுப்பிவிடுகிறோம். சுற்று முடிவதற்கு முன்னாலேயே போய்க் கை வைத்துக் காத்திரு என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரே ஒரு பிள்ளையை வைத்திருப்பவருக்கு அது சரி. நாலு பேரை வைத்திருப்பவள் எத்தனை பாய்க்குக் காவல் இருப்பாள்?

அவன் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான், காலையில் எப்போது எழுகிறான் என்று அவன் அம்மாவிடம் கேட்டாயா? ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. ராத்திரி 7 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறவனுக்கு அங்கேயே 11 மணி நேரம் ஆகிவிட்டது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியே ஆகவேண்டும் என்று அவனிடம் எதிர்பார்க்க முடியாது. ராத்திரி பத்து மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு விடியலிலேயே கிளம்பி வருகிறவன் கதை வேறு. அசதி எல்லை மீறிப்போனாலும் தூக்கம் அரைகுறையாகத்தான் வரும். அவனை மதியம் அரை மணி முன்னதாகப் படுக்க வைத்துப் பார். உன் பொடியனுக்கு ஒன்றேகால் வயதுதானே? பகலில் இரண்டு தூக்கம் ஒன்றாகச் சுருங்குகிற வயது அது. ஒரு நாள் காலையிலும் தூங்குவான், மறுநாள் மாட்டான். அது நிலைப்படும்வரை இந்தக் குழப்பம் இருக்கத்தான் செய்யும்.

என்னிடம் இப்போது ஒரு சுருட்டைமுடிக்காரி வருகிறாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். அவள் பாயைக் கதவோரம் மாற்றினேன், மற்றவர்களைத் தாண்டாமல் வெளியே கூட்டி வர வசதியாக. அவளுக்கென்று ஒரு கூடை வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் மட்டும் வெளியே வரும். உள்ளே துணிப் பந்து, கெட்டி அட்டைப் புத்தகங்கள், மூடி போட்ட டப்பா ஒன்று. சத்தம் போடும் பொம்மை எதுவும் கிடையாது. இப்போதெல்லாம் எழுந்தவுடன் அழுவதில்லை, விரலை வாயில் வைத்துக்கொண்டு கூடையைத் தேடுகிறாள். டப்பா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடியே ஒரு மணி நேரம் போகிறது! நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். தூங்குகிறவர்களும் என் கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான். அதை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதே. விழித்த பிள்ளையை மற்றவர்கள் எழும்வரை இருட்டில் அசையாமல் படுக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பாய் என்றாலே பிடிக்காமல் போய்விடும்.

புதிதாக ஒரு கைக்குழந்தை சேரப்போகிறது என்றாயே, அதைப் பொடியன்களோடு ஒரே பாயில் போடாதே. அதற்குத் தனிப் படுக்கை வேண்டும். தட்டையான கெட்டி மெத்தை, மல்லாக்கப் படுக்கை, தலையணை போர்வை பொம்மை எதுவும் கூடாது. சாய்த்து உட்கார வைக்கிற குழந்தை நாற்காலியில் தூங்கிவிட்டாலும் எடுத்துப் படுக்கையில் மாற்றிவிடு. எழுந்துவிடுமே என்று தயங்காதே, எழுந்தால் எழட்டும்.

அப்புறம், ‘மதியம் தூங்க விடாதீர்கள், ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான்’ என்று ஓர் அம்மா கேட்கிறாள் என்றாயே. அந்தச் சண்டை எனக்கும் உண்டு. நான் ஒரு நோட்டில் படுத்த நேரம், தூங்கின நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது முகம் எப்படி என்று நாலே சொல்லில் எழுதி மாலையில் காட்டுகிறேன். தூங்க வேண்டிய பிள்ளையைத் தட்டித் தட்டி விழிக்க வைக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். மூணு மணிக்கு மேல் தூங்க விடமாட்டேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டேன். அதுவே அந்த அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

கதவோரப் பாயை ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுது. பொடியனின் அம்மா ராத்திரிக் கணக்கு என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
வசந்தா