திங்கட்கிழமை ஓஹோரிக்கு அழைத்துப் போகாதீர்கள்

ஜப்பானுக்குக் குழுவாக ஆட்களை அழைத்துப்போகும் நம்மூர் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். போன நவம்பரில் உங்களில் ஒருவர் ஏற்பாடு செய்த பயணத்தில் நானும் என் மனைவியும் போய்வந்தோம். யார் என்பது இங்கே வேண்டாம். விசா, ஓட்டல், பேருந்து எதிலும் குறை இல்லை. என் வழக்கெல்லாம் ஒரே ஓர் ஏரியைப் பற்றியது.

ஃபுகுவோகா நகரத்தில் ஓஹோரி பூங்காவுக்கு எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அன்று மதியம் நாண் ரொட்டி சாப்பிட ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதுகூடப் போகட்டும். நாங்கள் போன நாள் திங்கட்கிழமை. ஏரியின் தெற்கே இருக்கும் ஜப்பானியத் தோட்டத்துக்கும் திங்கள் விடுமுறை, பக்கத்துக் கலை அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. பூட்டிய கதவுக்கு முன்னால் முப்பது பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அருங்காட்சியகத்துக்கு வெளியே ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம் இருக்கிறது, உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு. "திருஷ்டிக்கு வெச்சிருக்காங்களோ?" என்றாள் மனைவி. 1994-இல் செய்தது என்பதை நான் அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வழிகாட்டி அதற்குள் எங்களைப் பேருந்துக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பேருந்தில் ஒலிபெருக்கியில் சொன்னது, "அழகான இயற்கை ஏரி". அது ஏரியே இல்லை சார், அகழி. பெயரே அதுதான்: 'ஓ' என்றால் பெரிய, 'ஹோரி' என்றால் அகழி. இந்தப் பகுதியை ஆண்ட பிரபு குரோதா நாகமாசா 1601-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது மேற்குப் பக்கம் ஹகாத்தா விரிகுடாவின் ஒரு கடல்வாய் உள்ளே புகுந்து கிடந்தது. அதையே அகழியாக வைத்துக்கொண்டார். வடக்கே கடல் பக்கத்தைத் தூர்த்துவிட்டார்கள், மிச்சத் தண்ணீர் தங்கிவிட்டது. 1927-இல் இங்கே ஒரு பெரிய தொழிற்கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி இடத்தைச் சீர்திருத்தி 1929-இல் பூங்காவாகத் திறந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 40 ஹெக்டேர், பாதிக்கு மேல் தண்ணீர். கிழக்கே நடந்தால் அந்தக் கோட்டையின் கல்சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் விடியற்காலை மனைவியைத் தூங்கவிட்டு, நகரத்தின் ஹகாத்தா பகுதியிலிருந்து சுரங்க ரயில் பிடித்தேன். பத்து நிமிடப் பயணம்தான், இறங்கும் நிலையத்தின் பெயரும் ஓஹோரி பூங்காதான்.

ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். நடக்கிறவர்களுக்கு ஒரு தடம், ஓடுகிறவர்களுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. ஓடும் தடம் காலுக்கு மெத்தென்று இருக்கும். முந்தின நாள் நாங்கள் முப்பது பேரும் சரியாக அந்த ஓடும் தடத்தில்தான் குழுப்படத்துக்கு நின்றிருந்தோம். ஒரு பெரியவர் ஓடிவந்து, ஒதுங்கி, "சுமிமாசென்" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு எங்களுடையது, மன்னிப்பு அவருடையது. இறங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நடுவில் மூன்று தீவுகள், அவற்றைக் கோக்க நான்கு பாலங்கள். சீனாவில் ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியைப் பார்த்து அமைத்ததாம். தண்ணீரின் நடுவே வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்தே போய்விடலாம். வழியில் ஒரு சிவப்பு மண்டபம், தண்ணீர்மேல் நிற்கிறது. அன்று அதில் ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து எதையோ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். வாத்துகள் அவரைச் சட்டை பண்ணவில்லை, அவரும் அவற்றை. முழங்கால் வலிக்காரன் நான். அங்கங்கே உட்கார்ந்து எழுந்து ஒரு சுற்று முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சுற்றி வராமல் இந்த இடத்தைப் பார்ப்பது, கோயிலில் ராஜகோபுரத்தோடு திரும்பிவருவது மாதிரி. அன்னப் படகுத்துறையில் பத்து நிமிடம் நிறுத்துவது தரிசனக் கணக்கில் வராது.

தோட்டம் மட்டும் பாக்கி. அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அடுத்த ஊரான பெப்புவுக்குப் பேருந்து எட்டரைக்கு. 1984-இல் திறந்த தோட்டம், நாகனே கின்சாகு வடிவமைத்தது, கட்டணம் 250 யென் என்று பலகை முன்னால் நின்று எனக்கு நானே பேசிக்கொண்டதோடு சரி.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஃபுகுவோகாவைத் திங்களில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் அன்று வேறு எங்காவது போங்கள், ஓஹோரிக்குச் செவ்வாய் காலை கொடுங்கள். எட்டு மணிக்கு இறக்கிவிட்டுப் பத்தரைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நடுவில் கொடி பிடித்துக்கொண்டு யாரும் முன்னால் நடக்க வேண்டாம், வட்டமான பாதையில் யாரும் தொலையமாட்டார்கள். நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நாணில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவன்