மாசி மாதத்தில் எடின்பரோ மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, எவ்வளவு தூங்கினாலும் அசதி போகவில்லை, எதிலும் ருசி இல்லை, ஆய்வுக்கூடம் போகவே கால் எழவில்லை என்றாய். கடைசியாக, "நான் சோம்பேறி ஆயிட்டேன்ப்பா" என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தை மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் பேச்சு மாறிவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சோம்பேறி இல்லை. உன் உடம்புக்கு வெளிச்சம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த விஷயம் எனக்குப் பயிர் வழியாகத் தெரியும். நம் பழைய சம்பா ரகங்களை ஆவணியில் விதைத்தாலும் சரி, புரட்டாசியில் விதைத்தாலும் சரி, ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கதிர் விடும். பகல் குறைவதைக் கண்டுகொண்டுதான் பூக்கிறது. இத்தனைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். எடின்பரோவில் டிசம்பரில் 7 மணி நேரப் பகல், ஜூனில் 17 மணி நேரத்துக்கு மேல். ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்தை நெல் கண்டுகொள்கிறது. பிறந்ததிலிருந்து நம் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு, இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் எப்படி இருக்கும்?

நார்மன் ரோசந்தால் என்று ஒரு மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து, மேற்படிப்புக்கு நியூயார்க் போனவர். அங்கே குளிர்காலம் வந்ததும் தானே மந்தமாகிப் போவதையும், வசந்தத்தில் பழையபடி ஆவதையும் கவனித்திருக்கிறார். பிறகு அதையே ஆராய்ந்து, 1984-இல் அவரும் உடன் இருந்தவர்களும் இந்தப் பருவகால மனச்சோர்வை மருத்துவ உலகத்துக்கு எழுதிக் காட்டினார்கள். அதிகத் தூக்கம், அசதி, மாவுப் பண்டத்தின் மேல் ஆசை, ஆட்களை விட்டு ஒதுங்குவது எல்லாம் அதில் வருகிறது. உனக்கு இருப்பது அதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வெயில் நாட்டிலிருந்து போன ஒருவருக்கு நேர்ந்தது உனக்கும் நேரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிப்ரவரி கடைசிதான் பொல்லாதது என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பரிலாவது கிறிஸ்துமஸ், ஹாக்மனே என்கிற ஸ்காட்லாந்துப் புத்தாண்டு என்று ஊரே விளக்குப் போட்டுக் கொண்டாடுகிறது. அதெல்லாம் முடிந்து, குளிர் மட்டும் மிச்சம் இருக்கிற மாதம் இது. நம் ஊரிலேயே "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இப்போது உங்கள் ஊரில் பகல் தினமும் 4 நிமிஷத்துக்கு மேல் நீள்கிறது. ஒரு வாரம் போனால் அரை மணி நேரம் கூடிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், அப்புறம் நீ வேலை முடிந்து வரும்போது வெளிச்சம் இருக்கும்.

அதுவரைக்கும் ஒரே ஒரு காரியம் தவறாமல் செய் என்றால், காலை நடையைத்தான் சொல்வேன். இருட்டில் சுரந்து தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அடங்கும், தூக்கக் கலக்கம் விலகும். வானம் மூடிக்கிடக்கிறதே என்று நினைக்காதே. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள், அறைக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் வரும். மப்பும் மந்தாரமுமான பகலிலும் வெளியே ஆயிரத்தைத் தாண்டும். கோட்டு, மப்ளர், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு மெடோஸ் பூங்கா வழியாக அரை மணி நேரம் நட. போன வருஷம் ஒரு படம் அனுப்பினாயே, உறைந்த மண்ணை முட்டிக்கொண்டு தலை குனிந்து நின்ற வெள்ளைப் பூ, ஸ்னோடிராப். இப்போது அது பூக்கிற காலம்தானே? எங்கே பூத்திருக்கிறது என்று தேடிக்கொண்டே நட.

வெளியே போகவே முடியாத நாளுக்கு 10,000 லக்ஸ் விளக்குப் பெட்டி கிடைக்கிறது. காலையில் அரை மணி நேரம், நேராகப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம், படிக்கலாம். வாங்குவதற்கு முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பணத்துக்கு யோசிக்காதே, நான் அனுப்புகிறேன்.

வைட்டமின் டி மாத்திரை நிறுத்திவிட்டாயா? அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கலாம் என்று பிரிட்டன் அரசாங்கமே சொல்கிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் வருஷம் முழுக்க எடுக்கலாமாம். அது எலும்புக்கும் தசைக்கும்தான். மனசையும் அதுவே தூக்கிவிடும் என்று நம்பி நடையை விட்டுவிடாதே.

மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்காதே, பாப்பா. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நம் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் நான் திண்ணையை விட்டு இறங்கவில்லை. விழுந்த மரத்தை அறுக்கக்கூட ஆள் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு மாமா தினமும் விடிந்ததும் வந்து நிற்பார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். "வாப்பா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்பார், அவ்வளவுதான். அவர் முகத்துக்காக எழுந்து போவேன். கடையில் யாராவது நிவாரணம் பற்றிப் பேசுவார்கள், யாராவது தென்னங்கன்று எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். வரும்போது கல்லணைக் கால்வாய்க் கரையில் கொஞ்சம் நடப்போம். மனசு எப்போது தெளிந்தது என்று எனக்கே தெரியாது. கால் முதலில் போயிற்று, மனசு பின்னால் வந்தது. உனக்கும் அங்கே அப்படி ஒருத்தர் வேண்டும். உன் கூடத் தங்கியிருக்கிற பெண்ணிடம், "காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போ" என்று வாய்விட்டுக் கேள்.

அம்மா ஒரு யோசனை சொல்கிறாள், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி இட்லிக்கு அரைத்து வை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை. உப்புப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கலக்கு. அந்தக் குளிருக்கு வெளியே வைத்தால் மாவு அப்படியே கிடக்கும். ஓவன் அடுப்பைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடிவிடு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே, பொங்கினால் வழியும். காலையில் கதவைத் திறக்கும்போது வரும் புளிச்ச வாசனைக்கே பசிக்கும் என்கிறாள். கொஞ்சம் வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து, ஒரு தட்டில் மண் பரப்பி ஜன்னல் ஓரம் தூவியும் வை. இரண்டு மூன்று நாளில் முளை கண்ணுக்குத் தெரியும். சனிக்கிழமை தோசைக்கு யாரையாவது கூப்பிடு. தனியாகச் சாப்பிடாதே.

விடுமுறை நாளிலும் எழுகிற நேரத்தை மாற்றாதே. படுக்கையில் போனை வைத்துக்கொள்ளாதே. இது நீ அறியாததில்லை.

இங்கே சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அறுப்புக்கு முன்னே ஈரத்தில் தெளித்த ஆடுதுறை 3 ரக உளுந்து, தாளுக்கு நடுவே எழுந்து இப்போது பூவெடுத்திருக்கிறது. மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான் அதற்கு. விடிகாலையில் உள்ளே இறங்கினால் முழங்கால் வரை நனைகிறது. இலைக்கு அடியில் குனிந்து பார்த்தால் மஞ்சள் பூ, அதற்குப் பக்கத்திலேயே மயிர் அடர்ந்த பிஞ்சு. நாளையிலிருந்து தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் நடக்கிற வழியில் ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும், நன்றாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று. இந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க விடாமல் இருந்தால், அழுகை வந்துகொண்டே இருந்தால், டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. ராத்திரி எந்நேரம் என்றாலும் எங்களைக் கூப்பிடு. எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மனம் விட்டுப் பேசுவதற்கென்றே சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு இருக்கிறது, போன் 116 123, காசு கிடையாது, இரவு பகல் எடுப்பார்கள். எண்ணைப் போனில் பதிந்து வை.

அம்மா பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இடித்து வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். இனிமேல் ராத்திரிக்குப் பதில் காலை எட்டரைக்கு, நடந்துகொண்டே கூப்பிடு. இங்கே மதியம் இரண்டு மணி, சாப்பிட்டு முடித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா