ஆக்சுவரியல் படிக்க எந்தக் கல்லூரி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று போன இதழில் போட்டிருந்த கட்டுரையில், காப்பீடு, ஓய்வூதியம் மாதிரி விஷயங்களில் பின்னால் வரப்போகும் செலவை இன்றைக்கே கணிக்கிற ஆக்சுவரியல் சயின்ஸுக்கு நாலே வரி, அதிலும் இரண்டு வரி சம்பளத்தைப் பற்றி. எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் முன்பு இதே பேச்சாகக் கிடந்தோம், அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வருஷா வருஷம் மார்ச் கணக்கு முடிக்கும்போது, தொழிலாளிகளுக்குப் பின்னால் தரவேண்டிய கிராஜுவிட்டிக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஒரு ஆக்சுவரியிடம் சான்று வாங்குவோம். ஆட்களின் வயது, சம்பளம், சேர்ந்த தேதி எல்லாவற்றையும் எக்செல்லில் அனுப்பினால், எத்தனை பேர் நடுவில் நின்றுவிடுவார்கள், எத்தனை பேர் இறந்துபோவார்கள், சம்பளம் எவ்வளவு ஏறும் என்றெல்லாம் கணித்து ஒரு தொகை வரும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஆடிட்டர் அசையமாட்டார். அதைப் பார்த்துத்தான், கணக்கில் கெட்டியான என் பெண்ணிடம் இதைப் படியேன் என்று நானே ஆரம்பித்து வைத்தேன்.

சரி, எங்கே சேர்ப்பது? ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தோம். மூன்று வருஷம் முடித்தால் ஆக்சுவரிதான் சார் என்றார்கள். கட்டணம் லட்சக்கணக்கில். முன்பணம் கட்டக் கிளம்பும் முன் ஏதோ தோன்றி, பழைய சான்றில் கையெழுத்துப் போட்டவருக்கே போன் போட்டேன். அவர் சிரித்தார். அவர் படித்தது பி.எஸ்சி. புள்ளியியல்.

பட்டம் யாரையும் ஆக்சுவரி ஆக்குவதில்லை. 2006ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா நடத்தும் தாள்களைத்தான் தேற வேண்டும், கிட்டத்தட்ட சி.ஏ. மாதிரி. பிளஸ் டூ தேறியவர்கள் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி மாணவர் உறுப்பினராகலாம், அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வருஷக்கணக்கில் எழுதுகிறவர்கள்தான் அதிகம். வேலையும் பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூரு பக்கம். என் மனைவிக்கு இன்றும் அதுதான் குறை.

வெளிநாட்டுக் கதை கொஞ்சம் வேறு. எடின்பரோவில் உள்ள ஹெரியட்-வாட் மாதிரி பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தால், பிரிட்டனின் ஆக்சுவரிகள் அமைப்பு வைக்கும் ஆரம்பத் தாள்கள் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. அந்தச் செலவு தாங்குமென்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே அந்தக் கல்லூரியில், எந்தெந்தத் தாளுக்கு விலக்கு, எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். பாடத்திட்டம் அதேதான் சார் என்றார்கள். பாடம் ஒன்றாக இருந்தால் பரீட்சை எழுத வேண்டாமா என்ன?

கடைசியில் உள்ளூரிலேயே பி.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்தாள். இது ஒத்துவராவிட்டால் வேறு பக்கம் போகவும் அந்தப் பட்டம் உதவும். ஏசெட் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. சிஎஸ்1 என்கிற புள்ளியியல் தாளை எழுதித் தோற்றாள், வகுப்பில் அதே பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். மறுபடி எழுதப் பணம் கட்டியாயிற்று.

அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்தத் தாள்களையும் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி